டைனகோ ஸ்டீரியோ 70: வால்வுக்கு ஒரு பயஸ் திருகு, ஆறரை ஆண்டு அனுபவம்

என்னிடமுள்ள டைனகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபையரின் நான்கு ஈ.எல்.34 வால்வுகளுக்கும் தனித்தனியே பயஸ் திருகும் டெஸ்ட் பாயிண்டும் சேசிஸுக்கு வெளியே பொருத்தி ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. வால்வு என்பது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்; பயஸ், பாட்டு ஓடாதபோது அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் எதிர்மறை மின்னழுத்தம்; டெஸ்ட் பாயிண்ட், மீட்டர் வைத்து அந்த மின்னோட்டத்தை அளக்கும் இடம்; சேசிஸ், எல்லாவற்றையும் தாங்கும் உலோகச் சட்டகம். பொருத்திய வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக முடிந்திருக்கும். இத்தனை காலம் புழங்கிய பிறகு, எதைச் சரியாகச் செய்தேன், எதற்காகச் சேசிஸை மறுபடியும் கவிழ்க்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

டேவிட் ஹாஃப்லரின் டைனகோ நிறுவனம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1959-இல் இதை வெளியிட்டது. இடது, வலது எனப் பக்கத்துக்கு இரண்டு ஈ.எல்.34, பக்கத்துக்கு 35 வாட். வாங்குபவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவே பெரும்பாலும் விற்றார்கள் என்பதால், பயஸ் வைப்பதையும் வீட்டுக்காரரே செய்துகொள்ளும்படி வடிவமைத்திருந்தார்கள். மேல்தகட்டில் பக்கத்துக்கு ஒரு திருகு உண்டு. முன்பக்கத்தில் எட்டுப் பின்களுக்கான ஆக்டல் சாக்கெட்டில் மீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை அதைத் திருப்பினால் போதும். அந்தக் காலத்துக்கு இது பெரிய வசதிதான். அப்படியிருக்க, ஏற்கெனவே வெளியில் இருக்கும் ஒன்றை மறுபடியும் எதற்கு வெளியில் கொண்டுவர வேண்டும் என்று நண்பர்கள் கேட்டது நியாயமான கேள்வியே.

விடை அந்த 1.56 என்ற எண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பக்கத்தின் இரண்டு வால்வுகளுடைய கேத்தோடுகளும் (மின்னோட்டம் வெளியேறும் முனைகள்) ஒன்றாக இணைந்து, ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு, அதாவது சுற்றின் சுழி வோல்ட் முனைக்கு, வருகின்றன. 1.56 வோல்ட் என்றால் மொத்தம் 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். அது ஐம்பதும் ஐம்பதுமா, எழுபதும் முப்பதுமா என்பதை மீட்டர் சொல்லாது. இரண்டு வால்வுகளும் நன்றாக ஜோடி சேர்ந்தவை என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. 1960-களில் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்திருக்கலாம். எனக்கு வந்து சேர்ந்த புது வால்வுகளில் இருக்கவில்லை.

மாமா நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இந்தப் பெட்டியை, ரிச்சி தெருவில் வாங்கிய, நம்மூர் மின்னழுத்தத்தை அமெரிக்க அளவுக்கு இறக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு சென்னையில் ஓட்டிவந்தேன். வால்வு மாற்றியபோது பயஸ் வைத்துக் கொடுத்த பழுதுபார்ப்பவர், "ஒன்று புள்ளி ஐந்து ஆறு வந்துவிட்டது, இனிக் கவலையே வேண்டாம்" என்றார். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இடது பக்கத்து வால்வு ஒன்றின் பிளேட் (மின்னோட்டம் நுழையும் உலோகத் தகடு) ஓரத்தில், இழையின் ஆரஞ்சு ஒளியோடு சேராத மங்கலான சிவப்பு ஒன்று தென்பட்டது. மறுநாள் சேசிஸைத் திறந்து, கேத்தோடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தற்காலிகமாக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தேன். ஒன்றில் 0.66 வோல்ட், மற்றதில் 0.33. அதாவது 66 மில்லி ஆம்பியரும் 33 மில்லி ஆம்பியரும். கூட்டினால் 99, பழைய டெஸ்ட் பாயிண்டில் குறையே சொல்ல முடியாத எண். ஆனால் பிளேட்டில் 415 வோல்ட் இருக்க, 66 மில்லி ஆம்பியர் ஓடும் வால்வு 27 வாட்டுக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கிறது, ஈ.எல்.34-இன் பிளேட் தாங்கும் உச்ச வரம்போ 25 வாட்.

இதில் வால்வின் ஆயுள் மட்டும் சம்பந்தப்படவில்லை. இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் இந்தப் புஷ்புல் சுற்றில் அவற்றின் ஓய்வு மின்னோட்டமும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும். 33 மில்லி ஆம்பியர் வித்தியாசம் இருந்தால், அந்த மிச்சம் இரும்பு உள்ளகத்தை ஒரு பக்கமாகக் காந்தமாக்கி வைத்துவிடும். முதலில் அடிபடுவது தாழ்ந்த சுருதிகள். இடது பக்கத்தில் மட்டும் மிருதங்கத்தின் தொப்பி குழைந்து கேட்டதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லி, அதைச் சுவரிலிருந்து முன்னும் பின்னுமாக நகர்த்தியே ஒரு வருடத்தைக் கழித்திருந்தேன்.

கேத்தோடு பக்கத்து வேலை எளிது. பொது ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டின் எட்டாம் பின்னிலிருந்தும் தரைக்கு ஒரு சதவீதத் துல்லியமுள்ள 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இந்த வால்வில் ஒன்றாம் பின்னும் எட்டாம் பின்னோடு சேர்ந்தே இருக்க வேண்டும். 10 ஓம் என்பதால் 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், மனக்கணக்கே போதும். சிலர் 1 ஓம் வைக்கிறார்கள். அதில் தவறில்லை என்றாலும் மில்லிவோல்ட்டில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஆக்டல் சாக்கெட்டை டெஸ்ட் பாயிண்டாகத் தொடரவும் மனம் வரவில்லை, ஏனென்றால் முன்பெருக்கிக்கான உயர் மின்னழுத்தமும் அதே சாக்கெட்டில்தான் வருகிறது. கை நழுவினால் முடிந்தது. அதனால் முனை வெளித்தெரியாத காப்பிட்ட ஜாக்குகள் நான்கு, தரைக்குக் கறுப்பு ஒன்று என ஐந்தைத் தனியாகப் பொருத்தினேன்.

ஜாக்குக்கும் கேத்தோடுக்கும் இடையே 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் தொடராக வைத்தேன். வால்வுக்குள் ஷார்ட் ஆகி 10 ஓம் ரெசிஸ்டர் எரிந்து திறந்துவிட்டால், கேத்தோடில் நானூறு வோல்ட் ஏறி நிற்கக்கூடும். வெளியே இருக்கும் ஜாக்கில் அது நேராக வந்தால் இந்த வசதியே ஆளைக் கொல்லும் பொறியாகிவிடும். இந்த ரெசிஸ்டர் இருந்தால், அந்த நிலையிலும் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியருக்கு மேல் வெளியே வராது. வெளி டெஸ்ட் பாயிண்ட் வைக்க நினைப்பவர்கள் எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் கருத்து.

பயஸைப் பெற்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட் பக்கத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. முதலில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி பயஸுக்குத் தரும் பழைய செலினியம் ரெக்டிஃபையரை எடுத்தேன். செலினியம் வயதாக ஆக அதன் உள்தடை கூடி, பயஸின் எதிர்மறை மின்னழுத்தம் குறைகிறது; பயஸ் குறைந்தால் வால்வு சூடேறும். அந்த இடத்தில் ஒரு 1என்4007 சிலிக்கான் டையோடு உட்கார்ந்தது. பிறகு, ஒரு பக்கத்தின் இரண்டு கிரிட் ரெசிஸ்டர்களும் சேரும் முனையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனைக்குக் கொண்டுபோனேன். திருகு என்று நான் சொல்வது இந்தப் பொட்டென்ஷியோமீட்டரைத்தான்; திருப்பினால் நடுமுனையில் மின்னழுத்தம் மாறும். இரண்டு 10,000 ஓம் திருகுகள் இணையாக நின்றால் பயஸ் மின்வழங்கிக்குச் சுமை இரட்டிப்பாகும் என்பதால் 20,000 ஓம் திருகுகளை எடுத்து, அவற்றுக்குக் கீழிருக்கும் ரெசிஸ்டர்களையும் அதே விகிதத்தில் உயர்த்தினேன். ஒவ்வொரு நடுமுனைக்கும் ஒரு வடிகட்டிக் கெப்பாசிட்டர் உண்டு. பயஸ் எதிர்மறை என்பதால் அதன் பாசிட்டிவ் முனை தரைக்குப் போக வேண்டும். நானே ஒன்றை மாற்றிப் பற்றவைத்து, மின்சாரம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் கவனித்தேன்.

திருகுகளில் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. நடுமுனையின் தொடர்பு தூசியாலோ தேய்மானத்தாலோ விட்டுப்போனால் கிரிட்டுக்கு பயஸே இராது. வால்வு தன்னால் இயன்ற மட்டும் மின்னோட்டத்தை இழுத்துச் சில நிமிடங்களில் சிவந்துவிடும். அதனால் நடுமுனைக்கும் அதிக எதிர்மறை உள்ள முனைக்கும் இடையே 2.2 லட்சம் ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். தொடர்பு விட்டால் பயஸ் முழு எதிர்மறைக்குப் போகும், வால்வு அணைந்ததுபோல் ஆகி, ஒலி கெடும், அவ்வளவுதான். கெடுவதானால் இந்தத் திசையில் கெட வேண்டும்.

துளையிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. புதிதாக ஏழு துளைகள். பழம்பொருளாகச் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், விற்கும்போது விலையும் குறையும். நான் விற்கப் போவதில்லை. டிரில் முனையில் வாசலின் தடவினால் இரும்புத் துருவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியும் ஒரு துருவல் சாக்கெட்டின் இரண்டு பின்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்ததைப் பூதக்கண்ணாடியில்தான் கண்டுபிடித்தேன்.

வால்வுக்கு 50 மில்லி ஆம்பியர் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு 40-க்கு இறக்கினேன். 415 வோல்ட்டில் அது ஏறத்தாழ 16.6 வாட், 25 வாட் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு. ஒலியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முன்பு இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கை வைக்க முடியாத மின்வழங்கி டிரான்ஸ்ஃபார்மரின் மேல் இப்போது உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருக்க முடிகிறது. இடது பக்கத்துத் தொப்பியும் வலது பக்கத்தைப் போலவே இறுக்கமாகக் கேட்கிறது.

முதல் இரண்டு மாதங்கள் நான் பாட்டுக் கேட்டதைவிட மீட்டரைப் பார்த்ததே அதிகம். காலையில் 0.40, மாலையில் 0.37, இரவு பதினொரு மணிக்கு 0.43. ஒவ்வொரு முறையும் திருகினேன், ஒவ்வொரு முறையும் அது மறுபடி மாறியது. கெட்டிருந்தது வால்வல்ல, மாறிக்கொண்டிருந்தது வீட்டு மின்சாரம். வால்வில் எல்லா மின்னழுத்தங்களும் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் மின்னோட்டம் அந்த விகிதத்தின் ஒன்றரை அடுக்காக உயரும். 5 சதவீதம் ஏறினால் மின்னோட்டம் ஏழரை சதவீதமும், பிளேட்டின் வெப்பம் ஏறத்தாழ 13 சதவீதமும் கூடிவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டையும் சேர்த்து அளந்தபோது, 112 வோல்ட்டில் 0.40 காட்டிய வால்வு 120 வோல்ட்டில் 0.44 காட்டியது, கணக்கும் அதையே சொல்கிறது. அதன் பிறகு, மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும் பின்னிரவில், அரை மணி நேரம் சூடேறிய பின், ஸ்பீக்கர் இணைப்பில் இருக்க, உள்ளீடு எதுவும் இல்லாமல் 0.40 வைத்துவிட்டு, மற்ற நேரங்களில் அது இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நோட்டில் வால்வு எண், அளவு, அந்த நேரத்து மின்னழுத்தம் மூன்றையும் எழுதுகிறேன். மின்னழுத்தத்தை எழுதாத பயஸ் குறிப்பு வெறும் எண்தான்.

இன்னொரு ஏமாற்றம் மீட்டரால் வந்தது. நல்ல மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்த ஒரு நாள், வீட்டில் கிடந்த மலிவு விலை மஞ்சள் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நான்கு வால்வுகளும் ஒரே மாதிரி 0.36 காட்டின. திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன். நான்கும் ஒரே நாளில், ஒரே அளவில் தளருமா என்ற சந்தேகம்தான் தடுத்தது. நல்ல மீட்டரின் உள்தடை 1 கோடி ஓம், இந்த மஞ்சள் மீட்டருக்கோ 10 லட்சம் ஓம். நான் பாதுகாப்புக்காக வைத்த 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர், முதலாவதில் ஒரு சதவீதத்தை மட்டும் மறைக்கிறது. இரண்டாவதில் ஒன்பது சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. எந்த மீட்டரால் அளக்க வேண்டும் என்பதை இப்போது சேசிஸின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திருகுகளின் தண்டுகளை மேலே நீட்டிவிட்டது என் மடத்தனம். ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம் வீடு முழுக்கத் துடைத்தார்கள். ஆம்ப்ளிஃபையரும் பளபளவென்று ஆனது. அன்று இரவு இரண்டாம் வால்வில் 0.62. துணி தண்டைத் திருப்பிவிட்டிருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பத்தான் செய்யும். தண்டுகளை அறுத்து, திருப்புளிக்கு ஒரு காடி மட்டும் விட்டு, தகட்டு மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். அதே சமயத்தில் கார்பன் தட வகைத் திருகுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. மூன்றாவது ஐப்பசி மழைக்குப் பிறகு, அவற்றைத் தொட்டாலே மீட்டரில் எண்கள் குதித்தன. பீங்கானும் உலோகமும் கலந்த தடமுள்ள செர்மெட் வகைக்கு மாறிய பின் அந்தத் தொல்லை இல்லை. ஜாக்குகள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கிளீனர் கேட்கின்றன.

செலவுக் கணக்கில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. முன்பு ஒரு வால்வு போனால் ஜோடியாக வாங்க வேண்டும். இப்போது ஒன்று மட்டும் வாங்கி, அதன் திருகைச் சரிசெய்து, பழையதோடு நிறுத்த முடிகிறது. இது ஓய்வு மின்னோட்டத்தைத்தான் சமன் செய்கிறது. இசை பாயும்போது இரண்டும் ஒரே அளவு பெருக்க வேண்டும் என்பதை எந்தத் திருகாலும் செய்ய முடியாது. மிகவும் தளர்ந்த வால்வோடு புதியதைச் சேர்த்து, ஓய்வில் இரண்டும் 0.40 காட்டினாலும், ஒலியைக் கூட்டியபோது கரகரப்பைக் கேட்டிருக்கிறேன்.

புது வால்வு முதல் சில பத்து மணி நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் வாரம் இரண்டு முறையும், அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்கிறேன். வேலை ஐந்து நிமிடம். 400 வோல்ட் நிற்கும் கெப்பாசிட்டர்களுக்கு மேலே கை நீட்டாமல், வேட்டியோடு தரையில் உட்கார்ந்து செய்துவிடலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றாம் வால்வு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்கியிருக்கிறது: 0.40, 0.38, 0.37, 0.34, நான்கும் ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் எடுத்தவை. சென்ற வாரம் அதன் திருகு முடிவுக்கு வந்துவிட்டது. ஒற்றை ஈ.எல்.34 ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.