ஔலுவின் பனிக்காலத்துக்கு ஃபேட் பைக்கா, பழைய மூன்று கியர் சைக்கிளா?

பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் என்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான். அந்த வெளிச்சத்துக்குள் பறவைகளைப் படமெடுத்துத் திரும்ப நினைப்பவருக்கு, வழியில் தகராறு செய்யாத சைக்கிள்தான் முதல் தேவை. நான் ஒரு பனிக்காலம் மிகத் தடித்த டயர் கொண்ட ஃபேட் பைக்கையும் அடுத்த பனிக்காலத்திலிருந்து பழைய மூன்று கியர் சைக்கிளையும் ஓட்டினேன். இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது மட்டுமே என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஃபேட் பைக்கின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. நான்கு அங்குல டயரில் காற்றைக் குறைத்துவிட்டால், பனி வண்டிகள் அழுத்திவிட்டுப் போன தடத்திலும், நல்லிகாரி கடற்கரைக்கு அப்பால் உறைந்து கிடக்கும் கடல்மேலும் அது நிதானமாகப் போகும். விலையும் எடையும் அதிகம்.

என் முடிவை மாற்றியது வேறு விஷயம். சைக்கிளைக் கெடுப்பது குளிர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் கெடுப்பது, உருகி மறுபடி உறைவது. விலை உயர்ந்த வண்டியைத் தெருவில் விட மனம் வராமல், ஃபேட் பைக்கை இரவில் சூடான மாடிப்படிக்கடியில் நிறுத்துவேன். அதில் ஒட்டியிருந்த பனி உருகி, கியர் பற்களுக்கு இடையிலும் மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் பின்சக்கர ஃப்ரீவீலுக்குள்ளும் இறங்கிவிடும். ஒரு நாள் காலை மைனஸ் 18 டிகிரியில், கீமிங்கி பக்கத்துக் கோய்தெலி அருவியோட்டத்துக்குக் கிளம்பினேன். கடுங்குளிரிலும் உறையாத அந்த நீரில் மூழ்கி எழும் வெண்தொண்டை முக்குளிப்பான் (white-throated dipper) என்னும் சிறு பறவையைப் படமெடுப்பது திட்டம். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கியர் மாற்றி பனிக்கட்டி உருண்டையாகிவிட்டது. பிறகு பெடல் மட்டும் சும்மா சுற்ற, சக்கரம் நகர மறுத்தது. அன்றைய வெளிச்சம் முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புவதிலேயே போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேமரா விஷயத்தில் இதே பாடத்தை முதல் வாரமே கற்றிருந்தேன். வெளியிலிருந்து வந்ததும் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, வீட்டின் சூட்டுக்கு அது மெல்லப் பழகும்வரை திறக்க மாட்டேன். திறந்தால் லென்ஸ் முழுக்க ஈரம் படியும். சைக்கிளும் அதே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதுதான் என்பது ஏனோ உறைக்கவில்லை.

மூன்று கியர் சைக்கிள் மலிவானது என்பதே அதன் பெரிய பலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அது வாசலிலேயே பனியில் நிற்கிறது. பெரும்பாலும் உறைநிலையிலேயே இருப்பதால், சீட்டைத் தட்டினால் பனி மாவுபோல் உதிர்ந்துவிடும். கியர் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் அடங்கியிருக்கிறது, பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் அதற்குள்ளேயே. செயினை முழுவதும் மூடியிருக்கும் உறையால், வசந்தத்தில் பனி கரைந்து சாலையில் மிஞ்சும் சரளைப் பொடி அதை அரிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விடுவதோடு என் பராமரிப்பு முடிகிறது. கியர் கம்பி சில நாள் இறுகிப்போய் இரண்டாவது கியரிலேயே நின்றுவிடும். ஊர் சமதளம் என்பதால் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

முதல் உலகப் பனிக்கால சைக்கிள் மாநாட்டை 2013-இல் நடத்திய நகரம் இது. பாதைகளில் பனியை வழித்து அழுத்திச் சமமாக்கிவிடுகிறார்கள். ஆகவே ஆணி பதித்த டயர் இருந்தால் மெல்லிய சக்கரமே போதும். அந்த ஆணிகளின் கரகரப்புச் சத்தம் பறவைகளைக் கலைத்துவிடும் என்பதால், நூறடி முன்பே இறங்கி நடக்கிறேன்.

மைனஸ் 25-க்குக் கீழே நான் இரண்டையும் ஓட்டியதில்லை. அந்த நாட்களில் பேருந்துதான். கடற்பனியிலேயே முழுநாளும் படமெடுப்பவர் ஃபேட் பைக் வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதை வெளியிலேயே விட்டுவைக்கத் துணிய வேண்டும். நானோ மூன்று கியரை நல்லிகாரி மணல்மேட்டருகே பூட்டிவிட்டு, கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைத்தபடி பனிமேல் நடந்துபோகிறேன். போகவர நாற்பது நிமிடம் கூடுதலாகிறது.