கணப்பு அடுப்புக்கு அடியில் 12 மி.மீ. கண்ணாடி: ஐந்துக்கு மூன்றரை

யார்க்ஷையரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தரை முழுக்க ஓக் பலகை. அதன்மேல் விறகுக் கணப்பு அடுப்பு வைப்பதற்காக, இணையக் கடை ஒன்றில் 12 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடித் தளம் வாங்கினோம். ஒரு குளிர்காலம் முழுக்க எரித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தீப்பொறிக்கு இது அசைந்து கொடுப்பதில்லை. அடுப்பின் கதவு மூடியிருக்கும்வரை தொல்லை இல்லை. விறகு வைக்கத் திறக்கும்போதுதான் வில்லங்கம். ஒருநாள் இரவு பட்டாணி அளவுக் கங்கு ஒன்று வெளியே உருண்டு, கண்ணாடிமேல் சற்று நேரம் கனன்று, கறுத்து அடங்கியது. ஆறியதும் துணியால் துடைத்தேன், தடமே இல்லை. ஓக் பலகையில் விழுந்திருந்தால் அந்த வடு ஆயுளுக்கும் நின்றிருக்கும்.

ஆனால் பொறியைத் தாங்குகிறது என்பதற்காகச் சூட்டையும் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தன்மேல் படும் சூட்டைக் கண்ணாடி கீழே இருக்கும் மரத்துக்குக் கடத்திவிடும். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் அடுப்பு, புகைபோக்கி பற்றிய 'ஜே' ஆவணம் இதில் கறாரானது: அடித்தளத்தை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காத அடுப்பு என்றால்தான் 12 மி.மீ. போதும். இல்லையென்றால் 125 மி.மீ. கனத்துக்குக் கல்லோ கான்கிரீட்டோ போட வேண்டும். எங்கள் அடுப்பின் கையேட்டில் 100 டிகிரியைத் தாண்டாது என்ற வரி தெளிவாக இருந்தது. கடைக்காரரோ 'எல்லா அடுப்புக்கும் ஏற்றது' என்று கூசாமல் போட்டிருக்கிறார். ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்காகத்தான்.

அடுப்பைத் தாண்டித் தளம் எவ்வளவு நீள வேண்டும் என்ற அளவிலும் கவனம் வேண்டும். கதவை மூடி மட்டுமே எரிக்கும் அடுப்புக்கு முன்பக்கம் 225 மி.மீ., திறந்தும் எரிக்கலாம் என்றால் 300, பக்கவாட்டில் 150 என்பது விதி. இவை குறைந்தபட்ச அளவுகள். முன்பக்கம் தாராளமாக 400 விட்டு வாங்கினோம். கங்கு விதியைப் படித்துவிட்டா உருளுகிறது? டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவும் முடியாது, அளவெடுத்துச் செய்ததைக் கடை திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். தளத்தின் அளவுக்குத் தாளை வெட்டித் தரையில் விரித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நிறத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நிறமற்ற கண்ணாடியில் ஓக்கின் ரேகை அழகாகத் தெரியும் என்றார் என் கணவர். நான் கறுப்பில் பிடிவாதமாக நின்றேன். தளம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதன்மேல் யாரும் கம்பளத்தை இழுத்துப் போட மாட்டார்கள். குளிர் தாங்காத என் மாமியார் பாயோடு அடுப்பை நெருங்கும்போதெல்லாம் அந்தக் கறுப்பு விளிம்பைத்தான் காட்டுகிறேன். கறுப்பில் சாம்பல் பளிச்சென்று தெரியும், தினமும் துடைக்க வேண்டும், அது உண்மைதான்.

சதுர மீட்டருக்கு 30 கிலோ கனம். கொண்டுவந்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார், ஆகவே தூக்க இன்னொரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு அடியில் தூசியும் சாம்பலும் புகாமல் இருக்க, சூடு தாங்கும் சிலிக்கோன் பட்டையைச் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். கடையில் அதைத் தனியாகத்தான் விற்கிறார்கள்.