ஈன்ற குதிரைக்கு முதல் பருவமா, அடுத்த பருவமா?

மாடு கன்று போட்டால், மறுபடி சினைக்குச் சேர்க்க இரண்டு மாதமாவது பொறுப்போம். குதிரை அப்படியில்லை. குட்டி போட்டதும் சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இறங்கி, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. ஒரு வாரத்தில் பருவத்துக்கு வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பத்தாம் நாளையொட்டிக் கருமுட்டை வெளிப்படும்.

அப்போதே பொலிகுதிரையோடு சேர்ப்பவர்களின் கணக்கு இது: சினைக்காலம் சுமார் 340 நாள். வருடத்துக்கு ஒரு குட்டி வேண்டுமென்றால் மிச்சம் 25 நாள்தான். வட அரைக்கோளப் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 பிறந்தநாள் என்பதால், தாமதமாகப் பிறந்த குட்டி தன்னைவிட மூத்தவற்றோடு ஓட வேண்டிய சிரமம்.

சரி, கருப்பை தயாரா? கருமுட்டை வெளிப்பட்ட ஆறாம் நாள்வாக்கில் கரு அங்கே இறங்கும். ஈன்ற பத்தாம் நாளுக்கு முன்பே முட்டை வெளிப்பட்டிருந்தால், இன்னும் சுருங்கி முடியாத கருப்பைக்குள்தான் போய்ச் சேரும். சினை பிடிப்பது குறைகிறது. ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் தெரிந்தாலோ, நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழாமல் இருந்திருந்தாலோ முதல் பருவத்தை விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

அடுத்த பருவம் முப்பதாம் நாள் வாக்கில் வரும். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள், முதல் பருவத்தில் கருமுட்டை வெளிப்பட்டு ஆறேழு நாள் கழித்து, மருத்துவரிடம் சொல்லிக் குதிரைக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி போடலாம். பருவம் சீக்கிரம் திரும்பும். வயதான குதிரைக்கு நான் இதைத்தான் தேர்வேன்.

அப்புறம், அதே நாட்களில் குட்டிக்கும் கழிச்சல் வரும். தாய்ப்பாலில் ஹார்மோன் கலந்ததால் என்று பழி போடுவார்கள். தாயில்லாமல் வளரும் குட்டிக்கும் அது வருகிறதே!