ஸ்கோப்பா, 1.85-ஆ? ஒன்றரை அடியில் முடிந்த விவாதம்

குறும்படம் எடுக்கப் புறப்படும் நண்பர்கள் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். திரை விகிதத்தை, அதாவது படத்தின் அகலம் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை, மட்டும் படத்தொகுப்பு அறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டைகளைப் போட்டதும் சினிமாத் தோற்றம் வந்துவிட்டதாக எல்லோருக்கும் திருப்தி. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சட்டகத்தின் நீள அகலம் தெரியாமல் ஓர் ஆளை எங்கே நிறுத்துவது, கேமராவை எவ்வளவு உயரத்தில் வைப்பது, சுவரில் எதை மாட்டுவது என்று எப்படி முடிவெடுக்க முடியும்? படப்பிடிப்புக்கு முன்பே, இடம் பார்க்கப் போகும்போதே தீர்க்க வேண்டிய விஷயம் இது.

அண்மையில் நாங்கள் எடுத்து முடித்த குறும்படத்துக்கு ஸ்கோப் என்று சொல்லப்படும் மிக அகலமான 2.39, அதைவிட அகலம் குறைந்த 1.85, பழைய 4:3 ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு 1.85-ஐத் தேர்ந்தெடுத்தோம். ஓட்டு வீடு ஒன்றுக்குள்ளேயே தொடங்கி முடியும் கதை. அம்மா, மகன், கட்டிலோடு கிடக்கும் தாத்தா என்று மூன்றே பேர். ஆகவே இங்கே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்குப் பொருந்தும். வெட்டவெளியில் எடுப்பவர்கள் என் சாய்வைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசும் படம் வந்தபின் 1932-இல் ஹாலிவுட் நிலைப்படுத்திய விகிதம் 1.37. இன்று நாம் பேச்சுவழக்கில் 4:3 என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது. தொலைக்காட்சி வீடு வீடாகப் புகுந்தபோது, அதில் கிடைக்காத ஒன்றைத் திரையரங்கில் காட்டியாக வேண்டிய நெருக்கடி வந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி கிரெத்தியன் உருவாக்கிய, படத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் பதியும் லென்ஸை வைத்து 1953-இல் 'தி ரோப்' வெளியானது. அதுதான் சினிமாஸ்கோப்பின் முதல் படம். அப்போது விகிதம் 2.55, ஒலித்தடத்துக்கு இடம் விட்டதில் 2.35 ஆனது, பிறகு 2.39-இல் நின்றது. அதே 1953-இல்தான், லென்ஸை மாற்றாமல் மேலும் கீழும் மறைத்து அகலமாக்கும் 1.85-உம் புழக்கத்துக்கு வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அரசவை, படை, கோயில் என்று விரிந்த கதைக்கு அகலம் பொருத்தம்தான். ஆனால் அதற்குப் பிந்தைய காலத்தில் எந்தக் கதையானாலும் ஸ்கோப் என்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாங்கள் படமெடுத்த வீட்டின் நடு அறை பத்துக்குப் பன்னிரண்டு. பத்தடி அகலம், பன்னிரண்டடி ஆழம். நம் ஊரில் பாதி வீடுகளின் அறை இந்த அளவுதான். எதிர்ச் சுவரில் சமையற்கட்டுக்குப் போகும் வாசல். அந்த வாசல் நிலையில் மகன் நிற்கிறான். நிலையை ஒட்டிச் சுவரோரம் தரையில் அம்மா, அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். படத்தின் முதல் பெரிய உரையாடல் இதுதான். மகன் வீட்டை விற்கலாம் என்கிறான். அம்மா தலை நிமிராமல் பதில் சொல்கிறாள்.

இந்த ஷாட்டுக்கு என்ன வேண்டும்? தரை தெரிய வேண்டும், ஏனென்றால் அம்மாவின் கை அங்கேதான் இருக்கிறது. நிலையின் மேற்கட்டை தெரிய வேண்டும், ஏனென்றால் மகன் அந்த வீட்டில் தலை குனிந்தே நுழைகிறான். தரையிலிருந்து மேற்கட்டை வரை கிட்டத்தட்ட ஆறரை அடி. கேமரா எதிர்வாசலில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். ஆட்களுக்கும் கேமராவுக்கும் நடுவே பன்னிரண்டடி.

எங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்ஸார் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் அகலம். 1.85-க்கு அதில் 13 மில்லிமீட்டர் உயரம் பயன்படும். ஸ்கோப்புக்கு வெட்டினால் 10 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 24 எம்எம் குவியத்தூரமுள்ள லென்ஸைப் போட்டால் பன்னிரண்டடி தூரத்தில் 1.85 காட்டும் உயரம் ஆறரை அடி. ஸ்கோப் காட்டுவது ஐந்தடி. அந்த ஒன்றரை அடிக்குள்தான் எங்கள் காட்சியே இருந்தது. ஸ்கோப்பில் தரையை வைத்துக்கொண்டால் மகனுக்கு நெற்றி போகிறது. மகனை முழுதாக வைத்தால் வாழைக்காயும் அம்மாவின் விரல்களும் போய்விடுகின்றன.

கேமராவைப் பின்னால் தள்ளலாமே என்று எங்கள் ஒளிப்பதிவாளரும் முதலில் சொன்னார். தள்ளிப் பார்த்தோம். பின்னால் இருந்தது ரேழி. வாசலைத் தாண்டி மூன்றடி பின்னே போனதும் கதவு நிலையின் இரண்டு கால்களும் சட்டகத்துக்குள் வந்து நின்றன. ஸ்கோப் தருவதாகச் சொன்ன அகலத்தை இருட்டுக் கட்டைகள் தின்றுவிட்டன. சட்டகத்துக்குள் சட்டகம் என்பது அழகான உத்தி, மறுக்கவில்லை. மகன் முதன்முறை வரும் காட்சியில் நாங்களே அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் அந்த அறையில் எடுக்கும் ஒவ்வொரு முழு உருவ ஷாட்டுக்கும் அதுவே கதி என்றால் அது உத்தி ஆகாது.

இன்னும் அகன்ற லென்ஸ் போடலாம் என்பது அடுத்த யோசனை. 18 எம்எம் போட்டால் ஸ்கோப்பிலும் ஆறரை அடி உயரம் கிடைக்கும். ஆனால் உயரம் ஆறரை அடி என்றால் 2.39 விகிதத்தில் அகலம் பதினைந்தரை அடி வந்தே தீரும். எந்த லென்ஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அறையின் அகலமோ பத்தடி. மிச்சம் ஐந்தரை அடியில் என்ன தெரியும்? இரண்டு பக்கச் சுவர்களும் கேமராவை நோக்கி நீண்டுகொண்டு வருவது தெரியும். சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் பக்கச் சுவர். போதாததற்கு அகன்ற லென்ஸ் ஆழத்தை இழுத்துக் காட்டுவதால் அறை ஒரு கூடம்போல் விரிந்துவிடுகிறது. வீடு சிறியது என்பதுதான் எங்கள் கதை. அதையே பொய்யாக்கும் ஒரு ஷாட்டை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

1.85-இல் அதே உயரத்துக்கு அகலம் பன்னிரண்டடி. அறையின் இரண்டு மூலைகளும் சட்டகத்தின் விளிம்பை ஒட்டி விழுகின்றன. பக்கத்துக்கு ஓரடி சுவர் தெரிகிறது. அறை எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லாமலே புரிகிறது. மகன் மேலே, அம்மா கீழே, இருவருக்கும் நடுவே காரை பெயர்ந்த சுவர். நிற்பவனுக்கும் உட்கார்ந்திருப்பவளுக்கும் உள்ள உயர வேறுபாடுதான் அந்த உரையாடல். வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்டில் அதைப் பிடிக்க முடிந்தது. நம் வீடுகளில் ஒருவர் தரையில், ஒருவர் திண்ணையில், ஒருவர் நின்றபடி பேசுவது சாதாரணம். மேசை நாற்காலி போட்டுச் சம உயரத்தில் உட்கார்ந்து பேசும் வீடுகளைவிட இங்கே சட்டகத்துக்கு உயரம் அதிகம் தேவைப்படுகிறது. இயக்குநர் யசுஜிரோ ஓசு தரையில் பாய் விரித்து அமரும் ஜப்பானிய வீடுகளைப் படமாக்கியவர். தம்மைச் சுற்றி ஜப்பானே ஸ்கோப்புக்கு மாறிய பிறகும், வண்ணத்தை ஏற்றுக்கொண்ட பிறகும், 1962-இல் வந்த கடைசிப் படம் வரை 1.37-ஐ விடவில்லை. அவருடைய அறைகளைப் பார்த்தால் எனக்கு அதில் வியப்பில்லை.

இப்படிக் கணக்குப் போட்டால் 4:3 அல்லவா வெல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆறரை அடி உயரத்துக்கு 4:3-இல் அகலம் எட்டே முக்கால் அடிக்கும் சற்றுக் குறைவு. ஆள் இன்னும் பெரிதாகவே தெரிவார். ஆனால் அறையின் இரு மூலைகளும் வெளியே போய்விடுகின்றன. பின்னால் இருப்பது பத்தடிச் சுவரா முப்பதடிச் சுவரா என்று தெரியாது. தனி முகத்துக்கு 4:3-ஐப்போல் வேறில்லை. தாத்தாவின் முகத்தை அதில் பார்த்தபோது மனம் தடுமாறியது உண்மை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் காட்சிகள் எங்கள் கதையில் நிறைய இருந்ததால் விட்டுவிட்டோம்.

ஸ்கோப்புக்கு உரியதை மறைக்கக் கூடாது. கட்டிலில் படுத்திருக்கும் தாத்தாவை முழுதாகக் காட்டும் ஷாட்டில் ஸ்கோப்தான் சரி. படுத்த உடலுக்கு அதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடையாது, 1.85-இல் கட்டிலுக்கு மேலே உள்ள வெற்றிடத்தை நாங்கள் ஒரு ஜன்னலால் நிரப்ப வேண்டியிருந்தது. நான்கைந்து பேரை வெவ்வேறு இடைவெளிகளில் நிறுத்தி, யார் யாரோடு சேர்த்தி என்று நிற்கும் இடத்தாலேயே சொல்வதற்கும் ஸ்கோப் வலுவானது. 1963-இல் வந்த 'ஹை அண்ட் லோ'வில் அகிரா குரோசாவா முதல் பாதி முழுவதையும் பெரும்பாலும் ஒரே வரவேற்பறைக்குள் ஸ்கோப்பில் எடுத்து, அகலத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார். ஆனால் அது குன்றின்மேல் இருக்கும் பணக்காரரின் வீடு. அந்த அறைக்கு அகலமும் ஆழமும் இருக்கின்றன. எல்லோரும் நின்றோ சோபாவில் அமர்ந்தோ பேசுகிறார்கள்.

படத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸ் பற்றிக் கேட்பார்கள். அதன் நீல ஒளிக்கீற்றும் பின்புலத்தில் முட்டை வடிவில் கரையும் விளக்குகளும் எனக்கும் பிடிக்கும். வாடகைக்கு எடுத்து ஒரு சோதனைப் படப்பிடிப்பு செய்ததோடு என் அனுபவம் நின்றுவிட்டது. பெரும்பாலான அனமார்ஃபிக் லென்ஸ்களில் மிக அருகில் குவியம் கிடைக்காது என்பது சிறிய அறையில் பெரிய தொல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இத்தாலிய ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ முன்வைத்த 2:1 இப்போது இணையத் தொடர்களில் பரவலாக இருக்கிறது. நடுவழி என்ற அளவில் கவர்ச்சியானது. அதில் நான் இன்னும் எடுத்ததில்லை.

படம் எங்கே பார்க்கப்படும் என்பதையும் எடைபோட வேண்டும், ஆனால் இது எனக்கு இரண்டாம்பட்சம். 16:9 தொலைக்காட்சியில் ஸ்கோப் படம் திரையின் முக்கால் பங்கைத்தான் நிரப்பும், 1.85 ஏறக்குறைய முழுதாக நிரப்பும். கைப்பேசியில் கதை வேறு. இன்றைய கைப்பேசிகள் பல 20:9. படுக்கவைத்துப் பார்த்தால் ஸ்கோப் கிட்டத்தட்ட முழுத் திரையும் வரும், 1.85-க்குத்தான் இருபுறமும் கறுப்பு. இருந்தாலும் 1.85 அங்கேயும் திரையின் முழு உயரத்தைப் பிடிக்கிறது, ஆகவே முகம் சிறுத்துப்போவதில்லை. நம் திரையரங்குகள் பலவற்றில் திரையே ஸ்கோப்புக்காக அமைந்தது. அங்கே 1.85 படம் இருபுறமும் இடம் விட்டுத்தான் ஓடும். பெரிய திரையில் வெளியிடும் கனவு உள்ளவர்கள் இதை யோசித்தே ஆகவேண்டும். ஸ்கோப் என்றால் அதிகப் படம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடலாம். திரையரங்குக்குப் போகும் 2கே டிஜிட்டல் பிரதியில் ஸ்கோப்பின் அளவு 2048-க்கு 858, 1.85-இன் அளவு 1998-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் 1.85-இல் நான்கு லட்சம் புள்ளிகள் கூடுதல்.

முழு உயரத்தில் எடுத்துவைத்துக்கொண்டு எந்த விகிதம் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்படி ஆளை நிறுத்தினால் தலைக்கு மேலே தேவையில்லாத வெளி வரும், பக்கங்களில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் வரும். கலை இயக்குநருக்கும் எந்த விளிம்பு வரை சுவரைத் தயார் செய்வது என்று தெரியாது. மானிட்டரில் ஒரே ஒரு விகிதத்துக்கான கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மட்டும் சட்டகம் அமையுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் முக்கியமான காட்சிக்கு எத்தனை அடி உயரம் வேண்டும் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதை விகிதத்தால் பெருக்கினால் சட்டகத்தின் அகலம் வரும். அறையின் அகலத்தோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு லென்ஸின் மில்லிமீட்டரை அந்த உயரத்தால் பெருக்கி, சென்ஸாரில் பயன்படும் உயரத்தால் வகுத்தால் கேமரா நிற்க வேண்டிய தூரம் அடிக்கணக்கில் கிடைக்கும். அந்தத் தூரம் அறைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காகிதத்தில் ஐந்து நிமிட வேலை.

எங்கள் அடுத்த படம் தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் குனிந்தே இருக்கிறார்கள். உயரம் கேட்கும் பொருள் என்று அங்கே உப்புக் குவியலைத் தவிர எதுவும் இல்லை. அதை ஸ்கோப்பில் எடுப்பதாகத்தான் இருக்கிறோம். தொழிலாளர் குடியிருப்பின் உட்புறக் காட்சிகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு என்ன செய்வது என்று அறைகளை அளந்த பிறகுதான் சொல்ல முடியும்.