டிராவல் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்? சில வருட இழுவை அனுபவம்

டல்லாஸ் பக்கத்திலிருந்து 25 அடி டிராவல் டிரெய்லர் (உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) ஒன்றை 'அரை டன்' வகை பிக்கப் டிரக்கில் சில வருடங்களாக இழுத்து வருகிறேன். எந்த ஹிட்ச் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கருவி) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பிராண்ட் பெயர் சொல்வதில்லை. "டங் வெயிட், அதாவது டிரெய்லர் மூக்கு வண்டியின் மேல் அழுத்தும் எடை, எவ்வளவு?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் விளம்பரத் தாளில் உள்ள எண்தான் பதிலாக வரும். அதை நம்பி ஹிட்ச் வாங்கக் கூடாது.

என் டிரெய்லரின் காலி எடை 5,300 பவுண்டு, டங் வெயிட் 560 என்று தாளில் இருக்கிறது. பேட்டரி, இரண்டு காஸ் சிலிண்டர், முன் அறையில் நாற்காலி, அடுப்பு, ஹோஸ் எல்லாம் ஏறியதும் மொத்தம் 6,400, டங் 800 ஆகிவிட்டது. அதாவது மொத்த எடையில் 12.5 சதவீதம். டிராவல் டிரெய்லருக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும்; குறைந்தால் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவது போலத்தான். பின் பம்பரில் நாலு சைக்கிளைத் தொங்கவிட்டுவிட்டு ஆட்டத்துக்கு ஹிட்சைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இந்த 800தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது. என் வண்டியின் ரிசீவர் (பின்னால் ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய்) ஸ்டிக்கரில், ஹிட்சின் இரும்பு உருண்டை (பால்) மட்டுமே நேரடியாகத் தாங்கினால் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 டங் என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் என்றால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம்: ஸ்பிரிங் பார்களால் டங் எடையில் ஒரு பங்கை வண்டியின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும் வகை. அப்புறம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள மஞ்சள் ஸ்டிக்கர்: பேலோட் (வண்டி சுமக்கக்கூடிய மொத்தப் பாரம்) 1,600. குடும்பம் 550, டங் 800, ஹிட்ச் மட்டுமே 90. மீதி 160 பவுண்டில் கூலரும் டூல் பாக்ஸும். 'இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்' என்று விளம்பரத்தில் சொல்வதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும். எந்த ஹிட்ச் போட்டாலும் இந்த எண் உயராது.

வகைகளில், ஆட்டத்தை அடக்கத் தனி உராய்வு பார் வைத்த மலிவான செட்டை நான் தவிர்த்தேன். ரிவர்ஸ் எடுக்கும் முன் அந்தப் பாரைக் கழற்ற வேண்டும். இருட்டில் கேம்ப்சைட்டில் அந்த வேலை எனக்கு ஆகாது. ஹென்ஸ்லி, புரோப்ரைட் போன்றவை ஆட்டத்தைத் தொடங்கவே விடாத வடிவமைப்பு. விலை சில ஆயிரம் டாலர். நீளமான டிரெய்லருக்கு யோசிக்கலாம். நான் எடுத்தது ஸ்பிரிங் பார்களே உராய்ந்து ஆட்டத்தை அடக்கும் நடுத்தர வகை, 1,000 பவுண்டு பார்களோடு.

டீலர் மாட்டிக் கொடுத்தபோது டேப்பைக்கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். வண்டியின் முன் சக்கர வளைவின் உயரத்தை மூன்று முறை எடுக்க வேண்டும்: டிரெய்லர் இல்லாமல், பார் இல்லாமல் மாட்டி, பார் போட்டு. எனக்கு முன்பக்கம் ஓர் அங்குலம் எழும்பியது. பார் போட்டும் கால் அங்குலம்தான் இறங்கியது. ஹிட்ச் தலைக்குள் இன்னொரு வாஷர் சேர்த்துச் சாய்வைக் கூட்டியதும் பாதிக்கு மேல் திரும்பியது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை வண்டி மேனுவலில் பாருங்கள். முழுக்கத் திரும்பட்டும் என்று இறுக்கினால் பின் சக்கரத்தின் பிடி குறையும். பிறகு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேலில் (லாரிகளுக்கான எடை மேடை) ஏற்றி, பாரோடும் பாரில்லாமலும் அச்சு வாரியாக எடை எடுத்தேன். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

அதன் பிறகு 287 நெடுஞ்சாலையில் அமரில்லோ நோக்கிப் போகும்போது, டெக்சாஸின் வடகோடியான பான்ஹேண்டில் பகுதியின் பக்கக்காற்றில் பதினெட்டு சக்கர லாரி கடந்தால் லேசான ஒரு தள்ளல், அவ்வளவுதான். ஒருவேளை ஆட ஆரம்பித்தால் வண்டி பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக் கன்ட்ரோலரின் கை லீவரை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். இது கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பெட்ரோல் பங்கில் திரும்பும்போது பார்கள் உராயும் கிரீச் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கும். இழுக்கிற நாளெல்லாம் பார் முனை செருகும் சாக்கெட்டில் கிரீஸ் வைக்க வேண்டும், சட்டை போகும். பார் உரசும் இடம் தேய்ந்து பளபளக்கிறது. பிராக்கெட் போல்ட்களை அவ்வப்போது டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறேன். பார்களை மாட்ட நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டாம்: கப்ளர் (உருண்டையைப் பிடிக்கும் டிரெய்லர் மூக்குப் பூட்டு) பூட்டியதும் ஜாக்கால் டிரெய்லர் மூக்கையும் வண்டி வாலையும் சேர்த்துத் தூக்கினால் பார் சுலபமாக உட்காரும்.

சின்ன டியர்டிராப் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது, சாதாரண பால் மவுண்ட் போதும். சில எஸ்யூவி மேனுவல்களில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சே போடக் கூடாது என்று இருக்கிறது; காசு கொடுக்கும் முன் டோயிங் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.