இமைத் தோலை வெட்டுவதா, புருவத்தைத் தூக்குவதா, இல்லை சும்மா இருப்பதா?

ரிட்டயர்மென்ட் பேப்பருக்கு போட்டோ வேண்டுமென்று காட்பாடியில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். "கண்ணைத் திறங்கம்மா" என்றான் பையன். "திறந்துதாம்பா வச்சிருக்கேன்." மறுபடியும் "கண்ணு, கண்ணு" என்றான். மூணாவது தடவை புருவத்தை மேலே ஏற்றி, நெற்றியில் நாலு கோடு விழ, பேயைக் கண்டவள் மாதிரி ஒரு படம் வந்தது. அதையே ஒட்டினேன்.

குடியாத்தத்தில் இருக்கும் என் ஓரகத்திக்கும் இதே தொல்லைதான். அவர் ஆபரேஷன் பண்ணிக்கொண்டார், நான் பண்ணிக்கொள்ளவில்லை. அவர் செய்ததும் சரி, நான் செய்யாததும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எப்படி என்றால், "இமை தொங்குது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூணு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடி நெற்றியைத் தளர விடுங்கள். வேறொருவர் கட்டைவிரலால் உங்கள் புருவத்தை எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது கண்ணைத் திறங்கள். இமையின் விளிம்பே இறங்கிக் கருவிழியை மறைத்தால் அது தசைக் கோளாறு. விளிம்பு சரியாக இருந்து, அதன் மேல் தோல் மடிந்து இமைமுடியில் உட்கார்ந்தால் அது தோல். பிடித்த புருவத்தைக் கொஞ்சம் மேலே தள்ளியதும் எல்லாம் தெளிந்துவிட்டால், இறங்கியிருப்பது புருவம். இது டாக்டரிடம் போகும்முன் நமக்கு நாமே பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

தசைக் கோளாறு என்றால் தோலை வெட்டிப் பயனில்லை; இமையைத் தூக்கும் தசையைத்தான் இறுக்கிக் கட்ட வேண்டும். அதிலும் காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் தொங்கினால் நரம்பு டாக்டரை முதலில் பாருங்கள், தசை சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். திடீரென்று ஒரு கண் மட்டும் இறங்கி, தலைவலியோ, ஒன்று ரெண்டாகத் தெரிவதோ சேர்ந்தால் ஒப்பீடெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

ஓரகத்திக்கு இருந்தது சுத்தமான தோல். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை, சாயங்காலம் ஆனால் நெற்றி கனக்கிறது என்பார். நாள் முழுக்க புருவத்தைத் தூக்கிப் பிடித்தால் கனக்காமல் என்ன செய்யும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவரை உட்கார வைத்து, இமை மடிப்பிலேயே ஊதா பேனாவால் கோடு போட்டார். பிறகு சின்ன இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பிடித்து, "கண்ணை மூடுங்க" என்றார். கிள்ளியபோதும் கண் முழுசாக மூட வேண்டும். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. எவ்வளவு எடுப்பது என்பதை விட எவ்வளவு விடுவது என்பதில்தான் கைத்திறமை இருக்கிறது.

மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேரம் போல வேலை, அன்றைக்கே வீடு. "ஊசி போட்டதுதான் சுருக்குனு இருந்துச்சு, அப்புறம் கத்தரி சத்தம் மட்டும்தான் கேட்டுது" என்றார். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். ரெண்டு வாரம் முகம் கத்தரிக்காய் நிறம். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் "எங்க விழுந்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். கோடு முழுசாக மங்க மாதங்கள் ஆயின. நம்ம நிறத்துக்குத் தழும்பு தடித்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. இமையில் அது அபூர்வம்.

எனக்கு வந்த கதை வேறு. பாதி தோல், பாதி புருவம். இப்படிப்பட்டவருக்குத் தோலை மட்டும் எடுத்தால், தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லையென்று நெற்றி ஓய்ந்து புருவம் இன்னும் இறங்கும். பணம் கட்டி வாங்கிய கண் மறுபடியும் சுருங்கும். புருவத்தைத் தூக்கித் தைப்பது இதைவிடப் பெரிய வேலை. என் வயதில் எனக்கு அதற்கு மனமில்லை.

அதைவிட முக்கியமானது, கண் ஈரம். கீழிமையில் அளவு போட்ட ஒரு காகிதப் பட்டையை மாட்டி ஐந்து நிமிஷம் விட்டார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது. எனக்கு 6. மூடுவது துளி குறைந்தாலும் இந்தக் கண் கருவிழி வரை உலர்ந்துபோகும். அதுவும் வேலூர் வெயிலில், மே மாதத்தில், பாலாற்று மணல் காற்றில்!

மூடாத கண் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழுநோய் முகநரம்பைத் தாக்கினால் இமை மூடாது. தூங்கும்போதும் திறந்தே இருந்து, புண் வந்து, பார்வை போகும். காட்பாடி பக்கத்தில் 1955ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லும் தசையில் ஒரு பட்டையை இமையோடு இணைத்து, பல்லைக் கடித்தால் கண் மூடும்படி செய்தார்கள். கண் மூடுவதற்காக அங்கே அத்தனை பாடுபட்டார்கள். கண் பெரிசாகத் தெரிய வேண்டுமென்று மூடும் தோலை நான் தூக்கிப் போடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் அண்ணன் மகளுக்கு 26 வயது. அவளுக்கு மேலிமை நன்றாகவே இருக்கிறது, கீழே கருவளையம்தான் கவலை. "ஃபில்லர் போட்டுக்கலாமா அத்தை?" என்றாள், பள்ளத்தை நிரப்பும் ஊசியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தோலை லேசாக இழுத்துப் பார்க்கச் சொன்னேன், நிறம் அப்படியே இருந்தது. டார்ச்சை நேராக அடித்தாலும் போகவில்லை. அப்படியானால் அது பள்ளத்தின் நிழல் இல்லை, நிறமி. கத்தியாலும் போகாது, ஃபில்லராலும் போகாது. பள்ளத்தால் வரும் நிழலுக்குத்தான் ஃபில்லர். அதுவும் அபூர்வமாக ரத்தக் குழாயை அடைத்துப் பார்வையையே பறித்திருக்கிறது. பியூட்டி பார்லர் நாற்காலியில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. வயதானவர்களின் கீழிமைப் பை வேறு: இமையின் உட்புறம் வழியாகவே கொழுப்பை எடுக்கலாம், வெளியே தையல் இருக்காது. தோலையும் அதிகம் வெட்டினால் இமை கீழே இழுத்து வெள்ளைவிழி தெரியும். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி புருவத்தைக் கொஞ்சம் ஏற்றும், மூணு நாலு மாதம் நிற்கும், தப்பாகப் பரவினால் இமையே சில வாரம் தொங்கும். விலை கொடுத்து வாங்கும் க்ரீமைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பணம்: அழகுக்காக என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், இன்ஷூரன்ஸ் தராது. மருத்துவ அவசியம் என்று டாக்டர் எழுதினால்தான் பேச்சே. அதற்குப் பார்வைப் பரப்பு சோதனை வேண்டும்: இமையை டேப் ஒட்டித் தூக்கியும் தூக்காமலும் இரண்டு முறை எடுத்து வித்தியாசம் காட்டுவார்கள். ஓரகத்திக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சொற்பம்.

யாரிடம் போவது என்றால், கண் படித்துவிட்டு இமை அறுவையில் தனியாகப் பயின்ற டாக்டர் என் முதல் தேர்வு. ஈரத்தை அளக்காமல் தேதி கொடுப்பவரிடம் நான் உட்கார மாட்டேன். ரத்தம் இளக்கும் மாத்திரை, தைராய்டு, கண்ணாடியை விடுவதற்காக முன்பு செய்துகொண்ட லேசிக் லேசர் சிகிச்சை எல்லாவற்றையும் நாமாகவே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

எனக்கு இப்போதைக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, வெதுவெதுப்பான துணி ஒத்தடம், கொஞ்சம் பெரிய ஃப்ரேம் போட்ட கண்ணாடி. ஆடி கழியட்டும், அந்தக் காகிதத்தை இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். பென்ஷன் ஃபைலில் மட்டும் அந்தப் பேய் பார்த்த முகம்தான்.