டோஃபாசிடினிப்: மூன்று வருடம் சாப்பிட்ட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். முடக்குவாதம் வந்த புதிதில் காலையில் இரண்டு மணி நேரம் விரல் மடங்காது. ஊசியில் நூல் கோக்கக்கூட மகள் வர வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மருந்து மட்டும் போதாமல், டாக்டர் டோஃபாசிடினிப் மாத்திரையையும் சேர்த்தார். 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்றாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு மாதத்தில் கொக்கி வைக்கிற பொடி வேலையைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

இரண்டாம் வருடம் ஆடி மாதம், இடது விலாவில் ஒரே எரிச்சல். மறுநாள் வரிசையாகக் கொப்புளம். அக்கி! பக்கத்து வீட்டு அக்கா, "காவி எழுதிட்டு வா, இறங்கிடும்" என்றார். நான் டாக்டரிடம் ஓடினேன். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவதுதான் நல்லதாம். வாலாசைக்ளோவிர் ஏழு நாள். ஆறும் வரை டோஃபாசிடினிப்புக்கு லீவு.

அன்றுதான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் படம் போட்டார். வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும் டிபிகே1 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டுகிற நொதி), ஐஆர்எஃப்3 புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தப் புரதம் உட்கருவுக்குள் போய், வைரஸ் வந்த சேதியைச் சொல்கிற இன்டர்ஃபெரானைத் தயாரிக்க வைக்கிறது. இன்டர்ஃபெரான் வெளியே வந்து பக்கத்துச் செல்லின் கதவைத் தட்டும். உள்ளே ஜேக்1, டைக்2 என்ற இரண்டு கைனேஸ்கள் விழித்து, ஸ்டாட் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றி அனுப்பும். அந்தச் செல் வைரஸை எதிர்க்கத் தயாராகிவிடும். என் மூட்டை வீங்க வைக்கிற இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் சேதி வருவதும் இதே ஜேக்1 வழிதான். மாத்திரை அந்த வழியை அடக்குகிறது. விரல் மடங்குகிறது, ஆனால் வைரஸ் வந்த சேதியும் மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் இத்தனை வருடம் தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்து அக்கியாக வர இது போதும்.

தொடங்கும்போதே இதை யாரும் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. டிபி பரிசோதனை மட்டும் எடுத்தார்கள், அது சரி.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், ஈரல், கொழுப்பு பார்க்கிறேன். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி எனக்கு ஆகாது. அக்கிக்கு அப்படியில்லாத ஊசி உண்டு, இரண்டு தவணையும் போட்டாயிற்று. புகைப்பழக்கமோ இதய நோயோ ரத்தக்கட்டோ இருப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே அதைச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டு அத்தைக்குப் போன மாதம் இதே மாத்திரை எழுதியிருக்கிறார்கள். டாக்டர் எனக்குப் படம் போட்டுத் தந்த சீட்டை அவரிடம் கொடுத்து, அக்கி ஊசியைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொன்னேன்.